பேரு பள்ளிக்கூடத்தில், பிள்ளை திண்ணையில்

(கூமாப்பட்டியில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாமல் போன உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)

கான்சாபுரம், மகாராஜபுரம், தம்பிபட்டி என்று பல பக்கமிருந்தும் இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள். பாதிப் பேருக்கு இன்றைக்கு அரைநாள் கூலி போயிருக்கும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்குச் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எதையும் பேசப்போவதில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசப்போகிறோம்.

குழுக்களுக்கு வரும்போது, "உங்க குழுவுல யார் வீட்டுலயாவது மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கா?" என்று கேட்போம். பெரும்பாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, பாயைச் சுருட்டி, நாங்கள் வண்டியை எடுக்கும்போது ஒரு அக்கா பின்னாலேயே வருவார். "மேடம், ஒரு நிமிசம். எம் மூத்தவன் ஒருத்தன் இருக்கான்ல..." என்று தணிந்த குரலில் ஆரம்பிப்பார். பத்து வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்து பணம் எண்ணியவர்கள்தான். ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றிக் குழுவில் பேசியிருக்க மாட்டார்கள். கடன் கேட்கக் கூச்சம் போய்விட்டது, பிள்ளையைப் பற்றிச் சொல்லக் கூச்சம் போகவில்லை.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன்னால் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை, அவளுடைய அம்மாவோடு போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அவளுக்கு மூளை முடக்குவாதம். பிறக்கும்போதோ அதற்குக் கொஞ்சம் முன்போ பின்போ மூளையில் ஏற்படும் பாதிப்பால் கை, கால், கழுத்து, நாக்கு ஆகிய இடங்களில் உள்ள தசைகள் நாம் சொன்னபடி கேட்காது. அதற்காகப் புத்தி இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. நன்றாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர் உண்டு. பதிவேட்டில் அவள் பெயர் ஏறியது. எங்கள் ஆண்டு அறிக்கையில் "பள்ளியில் சேர்க்கப்பட்டார்" என்று ஒரு வரி எழுதினோம். புகைப்படமும் எடுத்தோம். அதோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம்.

ஒரு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனோம். பிள்ளை அதே திண்ணையில், அதே சாக்கின் மேல், சுவரில் சாய்ந்தபடி இருந்தாள். அம்மா கிடுகு பின்னப் போயிருந்தார். பாட்டிதான் இருந்தார். "பள்ளிக்கூடம் போகலியா பாட்டி?" என்று கேட்டோம். "அது எங்க தாயி போகுது. பேருதான் அங்க இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவ வீட்டுக்கே டீச்சர் வருவாகன்னாக. சில வாரம் வருவாக, சில வாரம் வரமாட்டாக" என்றார்.

சாயங்காலம் அம்மா வந்ததும் கேட்டோம். பள்ளிக்கூடத்தில், "இவளுக்கு வீட்டுவழிக் கல்விதான்மா, நீங்க தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்" என்று சொன்னார்களாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். தூக்கிச் சுமக்கும் அம்மாவைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த அம்மா அதை அரசாங்க உத்தரவு என்று எடுத்துக்கொண்டார். எதிர்த்துக் கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. சொல்லித்தர வேண்டிய நாங்களும் சொல்லித்தரவில்லை.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். இலவச, கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2012-ல் அதில் ஒரு திருத்தம் வந்தது. கடுமையான குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிப்பதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. தேர்ந்தெடுக்கலாம் என்றால், தேர்ந்தெடுப்பது பிள்ளையும் பெற்றோரும். பள்ளிக்கூடம் அல்ல. "எம் பிள்ள பள்ளிக்கூடத்துலதான் படிக்கும்" என்று நீங்கள் சொன்னால், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்ப அந்தச் சட்டத்தில் இடமில்லை.

அதற்குப் பிறகு 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது. 1995-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் 21 வகை. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு நோய், தலசீமியா எல்லாம் இப்போது அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலோ விருப்பப்பட்ட சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. மற்ற பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் உரிமை 14 வயது வரைதான். நம் பிள்ளைகளுக்கு 18. பலருக்கு இது தெரிவதில்லை.

சட்டம் பேசியது போதும். சட்டத்தைக் காட்டி இடம் வாங்கிவிட்டால் மட்டும் பிள்ளை படித்துவிடுமா? அந்த அம்மா எங்களிடம் கேட்டதும் இதைத்தான். "கொண்டுபோய் உக்கார வச்சா என்ன மேடம் படிக்கப்போவுது? அனா ஆவன்னா எழுதவா போவுது? இருக்குற வரைக்கும் ஒரு வாய்க் கஞ்சி ஊத்தி வச்சுக்கிறேன்." அவர் பிள்ளை மேல் பாசம் இல்லாமல் இப்படிச் சொல்லவில்லை. பாசத்தினால்தான் சொன்னார். படிப்பு என்றால் சிலேட்டு, பரீட்சை, மார்க்கு என்றுதான் நாம் எல்லோரும் நினைத்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு அதற்கு வெகுதூரம் முன்னாலேயே தொடங்குகிறது. தலையை நிமிர்த்தி வைப்பது ஒரு பாடம். தாகம் எடுத்தால் தாகம் என்று தெரிவிப்பது ஒரு பாடம். தன் முறை வரும்வரை காத்திருப்பது ஒரு பாடம். சாதாரணப் பிள்ளைகள் இவற்றைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றையும் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். அதற்கு முறை இருக்கிறது. பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்றுமில்லை.

சென்னையில் மதுரம் நாராயணன் மையம் என்று ஒன்று 1989 முதல் நடக்கிறது. மனவளர்ச்சி குன்றிய சின்னப் பிள்ளைகளுக்கான மையம். அங்கே பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு வரமுடியாது. அம்மாவும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை ஒரு குழந்தை கற்கும் காரியங்களை 250 சிறு சிறு திறன்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உடல் அசைவு, தன் வேலையைத் தானே செய்வது, பேச்சு, அறிவு, மற்றவர்களோடு பழகுவது என்று ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஐம்பது. இன்றைக்குப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அடுத்த படியை மட்டும் சொல்லித்தருவார்கள். பத்துப் படி தாவச் சொல்வதில்லை.

நம் வீட்டு உதாரணம் ஒன்று சொல்கிறோம். ஒரு பையனுக்கு டவுசர் போடக் கற்றுத்தர வேண்டும். நமக்கு அது ஒரே வேலை. பிரித்துப் பார்த்தால் ஏழு வேலை. முன்பக்கம் எது என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். உட்கார வேண்டும். ஒரு காலை நுழைக்க வேண்டும். அடுத்த காலை நுழைக்க வேண்டும். முழங்கால் வரை இழுக்க வேண்டும். எழுந்து நின்று தொடை வரை இழுக்க வேண்டும். கடைசியில் இடுப்புக்கு ஏற்ற வேண்டும். முதல் வேலையிலிருந்து ஆரம்பித்தால் பிள்ளை அங்கேயே திணறி, அழுது, அம்மாவும் அலுத்துப்போய், "குடு, நானே போட்டுவிடுறேன்" என்று முடியும். தினமும் இதுதான் நடக்கிறது.

அதனால் கடைசி வேலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆறு வேலையையும் நீங்களே செய்துவிடுங்கள். தொடைவரை கொண்டுவந்துவிட்டு, கையைப் பிடித்து, "ம், மேல இழு" என்று சொல்லுங்கள். அவன் இடுப்புக்கு இழுத்ததும் டவுசர் போட்டாயிற்று! முடித்தது அவன். உடனே கைதட்டுங்கள், கட்டிப்பிடியுங்கள், பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அது தானாக வர ஆரம்பித்த பிறகு, முழங்காலோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை அவனிடம் விடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் போகவேண்டும். ஒரு படிக்குப் பத்து நாளும் ஆகலாம், இரண்டு மாசமும் ஆகலாம். தட்டு கழுவுவது, தலை சீவுவது, கக்கூசுக்குப் போய்க் கழுவிவிட்டு வருவது எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அம்மா காத்திருக்க, அப்பத்தா வந்து மாட்டிவிட்டுப் போனால் பிள்ளை எதைக் கற்கும்?

இன்னொன்று, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். நம் ஊரில் "நொண்டி மகன்", "ஊமச்சி", "லூசு" என்பதே பெயராகிவிடுகிறது. வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கும். தன் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பது ஒரு பாடம் என்றால், அந்தப் பெயரையே யாரும் சொல்லாதபோது பிள்ளை எப்படித் திரும்பும்?

காது கேளாத பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். "இவுக அப்பாவும் மூணு வயசுலதான் பேசுனாக" என்று சொல்லிச் சொல்லியே வருஷங்களை விட்டுவிடுகிறோம். பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வயது சின்ன வயதுதான். காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைச் சிகிச்சையை முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள். அந்த வயது தாண்டினால் வாய்ப்புப் போய்விடும். அறுவைச் சிகிச்சை முடிந்ததும் பேச்சு தானாக வந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சிக்கு அலைய வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு அலைவது எப்படி என்று கேட்டால், குழு எதற்கு இருக்கிறது? அந்த மாதங்களில் தவணையைத் தள்ளிவைக்கக் குழுவால் முடியும். கருவி பொருத்த முடியாத பிள்ளைக்குச் சைகை மொழி இருக்கிறது. "சைகை பழகிட்டா பேச்சு வராது" என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். மொழியே இல்லாமல் ஒரு பிள்ளை வளர்வதுதான் பெரிய கேடு.

பார்வையில்லாத பிள்ளைகளுக்கும், காது கேளாத பிள்ளைகளுக்கும் பாளையங்கோட்டையில் தனித்தனிப் பள்ளிகள் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. நம் பாட்டிமார் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத காலத்திலேயே அங்கே பார்வையில்லாத பிள்ளைகள் விரலால் படித்துக்கொண்டிருந்தார்கள். பிரெயில் என்பது ஆறு புள்ளிதான். ஆறு முட்டை வைக்கும் அட்டையை நெட்டுக்கு நிறுத்தி வைத்ததுபோல் இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. எந்தக் குழியில் புள்ளி இருக்கிறது என்பதை வைத்து எழுத்து. இதைக் கண்டுபிடித்த லூயி பிரெயிலே மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி குத்திப் பார்வை போனவர். 1824-ல் பதினைந்து வயதுப் பையனாக இருக்கும்போதே இந்த எழுத்தை உருவாக்கிவிட்டார். தமிழும் இதே ஆறு புள்ளியில்தான் எழுதப்படுகிறது.

சிறப்புப் பள்ளியா, பக்கத்துப் பள்ளிக்கூடமா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருந்தது. இப்போது நாங்கள் சொல்வது: முடிந்தவரை பக்கத்துப் பள்ளி. காரணம், ஊர்ப் பிள்ளைகள் இவளைச் சின்ன வயதிலேயே பார்த்துப் பழக வேண்டும். நாளைக்கு இந்த ஊரில் இவளோடு வாழப்போகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் பார்வை, காது சம்பந்தப்பட்ட குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பிரெயிலோ சைகை மொழியோ ஆரம்பத்தில் ஆழமாகக் கிடைக்க வேண்டும் என்றால், சிறப்புப் பள்ளி சில வருஷம் தேவைப்படும். விடுதியில் கொண்டுபோய் விடுவதற்கு முன், வீட்டில் சுமை குறையும் என்பதற்காக விடுகிறோமா, பிள்ளை கற்கும் என்பதற்காக விடுகிறோமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சுமை குறையட்டும் என்று நினைப்பதும் பாவமில்லை. ஆனால் அதற்கு வேறு வழியும் தேடலாம்.

இராஜபாளையம் தாண்டி, புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசிப் பக்கம் போனால் ஆய்க்குடி என்று ஒரு ஊர். அந்த ஊர்க்காரர் எஸ்.இராமகிருஷ்ணன் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. ஊருக்குத் திரும்பி, 1981-ல், அதுதான் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டு, சில பிள்ளைகளை வைத்துக்கொண்டு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். பின்னால் தசைச் சிதைவு நோய் உள்ள ஆடிட்டர் எஸ்.சங்கரராமனும் வந்து சேர்ந்தார். இருவரும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே சங்கத்தை வளர்த்தார்கள். அங்கே குறைபாடு உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். இராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருதைவிட எங்களுக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அவர்களுடைய களப்பணியாளர்கள் சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கே போய், பாயில் உட்கார்ந்து, அம்மாவுக்கும் பாட்டிக்கும் பயிற்சியைச் சொல்லித்தருகிறார்கள். எந்தப் பயிற்சி எவ்வளவு முன்னேறியது என்று கைபேசியில் பதிந்து, சிகிச்சையாளர்கள் அதைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறார்கள். நாங்கள் பெயரை எழுதிவிட்டுப் போன இடத்தில் அவர்கள் திரும்பத் திரும்பப் போகிறார்கள். எங்கள் தப்பு எங்கே என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, அந்தப் பெண்பிள்ளைக்கு வருவோம். அவளுடைய அம்மாவின் குழுவில் போய்ப் பேசினோம். முதலில் தெரிந்த செய்தியே எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. அந்த அம்மா பல கூட்டங்களுக்கு வராததால் அபராதம் ஏறியிருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு, எச்சில் வடியுது, சத்தம் போடுது என்று யாரோ முகம் சுளித்திருக்கிறார்கள். விதிப்படி அபராதம் சரிதான். விதியை எழுதியதும் நாங்கள்தான்!

அன்றைக்குக் குழுவில் பெரிய வாக்குவாதம். பிள்ளையைப் பள்ளிக்கு மாறி மாறிக் கொண்டுபோய் விடலாமா என்று ஊக்குநர் கேட்டதற்கு, ஒரு அக்கா, "சங்கம் நடத்துறமா, பால்வாடி நடத்துறமா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. கடைசியில் மூன்று பேர் மட்டும் ஒத்துக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் அம்மா, மற்ற நாட்களில் இவர்கள். கூட்டத்தை அந்த வீட்டுத் திண்ணைக்கே மாற்றினார்கள். அபராதத்தைத் தள்ளுபடி செய்து தீர்மானம் எழுதினார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மூன்று பேரில் ஒருவர் பால்வாடி என்று கேலி பேசிய அதே அக்கா.

பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போடவில்லை. ஆசிரியர்களுக்கும் கஷ்டம் உண்டு. இரண்டு வகுப்பை ஒரே டீச்சர் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் கரும்பலகை, ஒரு பக்கம் சத்துணவுக் கணக்கு என்று ஓடுகிறார்கள். நாங்கள் கேட்டது சின்னச் சின்ன விஷயம்தான். வகுப்பு படியேறாத அறையில் நடக்கட்டும். இவள் சாய்ந்து உட்கார ஒரு மூலை நாற்காலி வேண்டும். அதை ஊர் ஆசாரியே பலகையில் செய்துகொடுத்தார். "ஆமாம், இல்லை, தண்ணீர், ஒன்றுக்கு" என்று நாலு படம் ஒட்டிய அட்டை ஒன்று மடியில் இருக்கட்டும், கேட்க வேண்டியதைத் தொட்டுக் காட்டுவாள். வத்திராயிருப்பு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வரும் நாளில் வகுப்பு டீச்சருக்கும் சொல்லித்தரட்டும். இவ்வளவுதான் கேட்டோம்.

டீச்சரைவிட வேகமாகப் புரிந்துகொண்டது பிள்ளைகள். இரண்டாவது வாரமே, "மிஸ், அவ ஒண்ணுக்குப் படத்தத் தொட்டுட்டா" என்று கத்தினார்களாம்.

இன்றைக்கு அவள் எழுதுகிறாளா? எழுதவில்லை. கை விரல் இன்னும் கேட்கவில்லை. ஆனால் எழுத்துகளைத் தெரியும். டீச்சர் கேட்கும் எழுத்தைத் தொட்டுக் காட்டுவாள். வீட்டில் தடித்த பிடி சுற்றிய கரண்டியால் பாதிச் சாப்பாட்டைத் தானே சாப்பிடுகிறாள், மீதி கீழே சிந்தும். நடக்கவில்லை. நடப்பாள் என்று நாங்கள் சொல்லவும் மாட்டோம். நடக்க வைக்கிறேன், பேச வைக்கிறேன் என்று சொல்லி லேகியமும் எண்ணெயும் விற்பவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். குழுவில் கடன் வாங்கி அப்படிக் கொட்டிவிட்டு, தவணை கட்டமுடியாமல் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். அதே பணத்தில் ஒரு வருஷம் ஆட்டோவில் பள்ளிக்குப் போய்வரலாம்.

பேச்சும் நடையும் நன்றாக இருந்து, படிப்பு மட்டும் ஏறாத பிள்ளைகளும் உண்டு. கடைக்குப் போய்க் கணக்காகச் சில்லறை வாங்கி வருவான், விவரமாகப் பேசுவான், புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தலைகீழாகப் போகும். சோம்பேறி என்று அடி வாங்கி வாங்கிப் பள்ளிக்கூடத்தையே வெறுத்துவிடுவான். இது கற்றல் குறைபாடாக இருக்கலாம், பரிசோதித்துப் பாருங்கள். சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. கடைசி நேரத்தில் ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆண்கள் இல்லாத கூட்டம்தானே, வெளிப்படையாகவே பேசுவோம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை வயதுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. "துணி மாத்தத் தெரியாது, எவனாவது எதாச்சும் செஞ்சுட்டா?" என்ற பயம். நியாயமான பயம்தான். சில தாய்மார் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாமா என்றும் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். மாதவிலக்குத் தொந்தரவுக்காக அதைச் செய்யாதீர்கள். சம்மதமில்லாமல், குழந்தை பெறமுடியாதபடி செய்யும் எந்தச் சிகிச்சையையும் மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்யக்கூடாது என்று 2016 சட்டமே சொல்கிறது. கர்ப்பப்பையை எடுத்தால் எவனாவது தொடுவது நின்றுவிடுமா? துணி மாற்றுவதையும் டவுசர் போடுவதுபோலப் பிரித்துச் சொல்லித்தரலாம். பத்து வயதிலேயே, வருவதற்கு முன்பே, சிவப்பு மை தொட்ட துணியை வைத்துப் பழக்கலாம். எந்த இடத்தை யாரும் தொடக்கூடாது, தொட்டால் எப்படிக் கத்த வேண்டும் என்பதையும் அப்படியே பழக்க வேண்டும். வீட்டுக்குள் பூட்டி வைத்த பிள்ளைக்கு இந்த ஆபத்து குறைவு என்று நினைக்காதீர்கள். பகலெல்லாம் யாரும் இல்லாத வீட்டில் தனியாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் காவல்?

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தனித்துவ அடையாள அட்டை இல்லாமல் எதுவும் நகராது. இ-சேவை மையத்தில் பதிந்து, அரசு மருத்துவர்களிடம் சான்று பெற வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி சார்பில் வட்டார அளவில் நடக்கும் மருத்துவ முகாமுக்குப் பிள்ளையைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். மனவளர்ச்சிக் குறைபாடு, 75 சதவீதத்துக்கு மேல் கடும் பாதிப்பு, தசைச் சிதைவு நோய் உள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் விருதுநகரில் இருக்கிறது. ஒவ்வொருவராக அலையாமல் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் போனால் பஸ் செலவும் மிச்சம், தைரியமும் கூட.

பேசி முடித்ததும் வழக்கம்போல யாராவது பின்னால் வருவார்கள் என்று நினைத்தோம். இந்தத் தடவை கூட்டத்திலேயே ஒரு அக்கா எழுந்து நின்று கேட்டார்.

"மேடம், எம் பையனுக்குப் பன்னெண்டு வயசாயிருச்சு. இதுவரைக்கும் பள்ளிக்கூடத்துலயே சேக்கல. பொறப்புச் சான்றும் இல்ல. இனிமே சேப்பாகளா? ஒண்ணாங் கிளாசுல போய் உக்காரச் சொன்னா அவன் உக்காரமாட்டான்."

சேர்ப்பார்கள் அக்கா. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக்கூடாது. ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கவும் வேண்டாம், வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனிப் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும் என்றுதான் கட்டாயக் கல்விச் சட்டம் சொல்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பையனைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடுங்கள். ஆதார் இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டாலும் வாருங்கள். உங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் கூட வரட்டும். நாங்களும் வருகிறோம். அடுத்த திங்கட்கிழமையும் வருவோம்.